விதைக்கு விட்ட கொண்டை

நேயர்களுக்கு வணக்கம். ஆடி பிறந்துவிட்டது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பயறுக்கும் காய்கறிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் அதைப் பூவுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

மதுரையில் பூ என்றாலே மல்லிகைதான். 2013இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் மல்லிகையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் வேர்விட்ட நாற்றை வாங்கி நடுகிறோம். அதனாலோ என்னவோ, பூச்செடி என்றால் காசு கொடுத்து வாங்கித்தான் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, காசித்தும்பை எல்லாம் சில மாதங்களில் பூத்து, விதைத்து, காய்ந்துவிடுகிற செடிகள். இவற்றுக்கு விதைதான் வழி. கீரை விதைக்கத் தெரிந்த கைக்கு இது புது வேலையே அல்ல.

பேச்சுக்குச் சொல்லவில்லை. கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் கீரைக் குடும்பத்துச் செடிகள்தான். கோழிக்கொண்டை விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று, முளைக்கீரை விதை போலவே இருக்கும். இரண்டும் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

எங்கள் ஊர் திருமங்கலத்துப் பக்கம், கரிசல் காடு. கிணற்றடியில் அப்பத்தா கோழிக்கொண்டை போட்டிருப்பார். ஆவணி கடைசியில் கொண்டை திரளத் தொடங்கியதும் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே வருவார். எது அகலமாக, நிறம் தூக்கலாக இருக்கிறதோ அதன் தண்டில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அந்தச் செடியை யாரும் தொடக்கூடாது. ஒரு சரஸ்வதி பூசைக்கு வந்திருந்த அத்தை, படத்துக்கு வைக்க அந்தக் கொண்டையைத்தான் பறிக்கப் போனார். அடுப்படியிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்தார்: "அது விதைக்கு விட்டது தாயி. மற்றது எதை வேண்டுமானாலும் பறித்துக்கொள்." சாமிக்கே அடுத்த பூதான்.

கார்த்திகையில் அந்தக் கொண்டை நிறம் மங்கிக் காய்ந்து நிற்கும். தண்டோடு அறுத்து, சுளகில் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டுவார். விதை மேலே வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கிற மடிப்பில் இருக்காது. கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் இருக்கும். பொலபொலவென்று சுளகில் விழுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தூசியை ஊதிவிட்டு, சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து எரவாணத்தில் செருகிவைப்பார். மறு ஆடியில்தான் அந்த முடிச்சு அவிழும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். நல்ல பூவையெல்லாம் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சவலையை விதைக்கு விட்டால் அடுத்த ஆண்டு சவலைதான் முளைக்கும். முதல் தரமான பூவை விதைக்கு விடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: கடையில் வாங்கிய வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதையில் இது சரிப்படாது. அந்தச் செடியின் விதை தாயைப் போல வராமல் பலவிதமாகப் பிரிந்துவிடும். நாட்டு ரகமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

விதைப்பதற்குக் கரிசல் ஆகாது, காய்ந்தால் இறுகிவிடும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். கோழிக்கொண்டை போன்ற பொடி விதையை மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும், மண்ணைப் போட்டு மூட வேண்டாம். செண்டுமல்லி விதை வேறு மாதிரி. கறுத்த ஊசி போல இருக்கும், முனையில் வைக்கோல் நிறக் குஞ்சம். அதன்மேல் ஒரு நூல் கனம் மண் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

தண்ணீர்தான் பலரும் தவறுகிற இடம். நானும் ஒருமுறை தவறினேன். வெயிலுக்குப் பயந்து மூன்று வேளையும் பூவாளியால் ஊற்றினேன். அழகாக எழுந்த நாற்று நான்காம் நாள் தூரில் நூலாக இளைத்துப் படுத்துவிட்டது. ஒரு தட்டு நாற்றும் போயிற்று. அதன் பெயர் நாற்றழுகல். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பூவாளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். காசித்தும்பையைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதை சிதறிவிடும். வெடிக்கும் முன் சின்னத் துணிப்பை ஒன்றைக் கட்டிவிடுங்கள். செண்டுமல்லியை நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை பெருகும். இந்த வாரம் விதைத்தால் ஆயுத பூசைக்கு உங்கள் வீட்டுப் பூ. வணக்கம்.