ஊகிக்க முடியாத முடிவு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். "முடிவை எவராலும் ஊகிக்க முடியாது" என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்யப்பட்ட ஒரு குற்றப் புலனாய்வுத் திரைப்படத்தை அண்மையில் வெள்ளவத்தையில், நிரம்பி வழிந்த அரங்கொன்றில் பார்த்தேன். முடிவை என்னால் ஊகிக்க முடியவில்லை என்பது உண்மையே. ஆனால், ஊகிப்பதற்கு வேண்டிய எதையும் இயக்குநர் நமக்குத் தரவில்லை. இந்தக் குறை அந்த ஒரு படத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முற்பாதி நன்றாகவே இருந்தது. மாணவி ஒருத்தி காணாமற் போகிறாள். அவளுடைய தந்தை, கடைசியாக அவளை ஏற்றிச் சென்ற ஓட்டோ சாரதி, விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி ஆகிய மூவர் மீதும் நமக்குச் சந்தேகமும் பரிவும் ஒருங்கே எழுகின்றன. இடைவேளைக்குப் பின்னரோ, அதுவரை ஒரு காட்சியிலேனும் முகம் காட்டாத ஒருவன் வந்து, தானே கொலையாளி என்பதை நீண்டதொரு பின்கதையாகச் சொல்லி முடிக்கிறான். நாம் உன்னிப்பாகக் கவனித்து வைத்த தொலைபேசி அழைப்பும், கிழிந்த பயணச்சீட்டும், தந்தையின் தடுமாற்றமும் எதற்கும் உதவாமற் போகின்றன.

துப்பறியும் கதை எழுதுவோருக்கென ஆங்கில எழுத்தாளரும் கத்தோலிக்கக் குருவுமான ரொனால்ட் நொக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது. துப்பறிபவர் தாம் கண்ட தடயங்களை வாசகரிடம் மறைக்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று.

நமது மொழியிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தில், சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறது. ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளான 1943ஆம் ஆண்டுச் சென்னையில் நிகழும் கதை அது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி அதே அனுபவத்துக்கு ஆளான கொழும்பு நகரத்தவருக்கு அந்த அச்சத்தை விளக்கத் தேவையில்லை. பாடலும் நடனமும் இல்லாத அந்தப் படத்தில் மனைவி, தம்பி, அயலவர் எனச் சந்தேகத்துக்குரியோர் நம் முன்னே நிறுத்தப்படுகின்றனர். ஒவ்வொருவர் கோணத்திலும் இறந்தவனின் இயல்பு சிறிது சிறிதாகத் துலங்குகிறது. கொலையாளி யாரென அறிந்தவர்களும் அதை மீண்டும் பார்ப்பது அதனாலேயே.

இன்றைய படங்கள் வழிதவறுவதற்கு விளம்பரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. படத்தைப் புதிராகவே விற்றுவிட்டால், பார்வையாளர் முதற் காட்சியிலிருந்தே விடையைத் தேடத் தொடங்குகிறார். முதல் நாளிலேயே இரகசியம் சமூக ஊடகங்களில் அம்பலமாகிவிடுமென இயக்குநர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் தடயங்களை ஒளித்து, இறுதியில் குற்றவாளியையே கதையிலிருந்து ஒளித்துவிடுகிறார்.

எனக்குப் பெரிதும் வருத்தம் தந்தது, அந்தத் தந்தையாக நடித்தவருக்கு நேர்ந்த அநீதியே. பிரேத அறையில் மகளின் கைக்கடிகாரத்தை அடையாளம் காட்டும்போது, அது பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கடிகாரமாயிற்றே என்று அவர் வாதிடுகிறார். அத்தகைய நடிகரைப் பிற்பாதியில் இரண்டே காட்சிகளில் ஒதுக்கிவிட்டு, முன்பின் அறியாத ஒருவனின் பழிவாங்கலுக்கு அத்தனை நேரம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நன்றி, வணக்கம்.