எங்கள் கிராஸ் பள்ளத்துக்கு வயது ஒன்பது மாதம்

வணக்கம் மக்களே. முதலில் ஒரு மன்னிப்பு. இன்றைக்குப் பூண்டு ஊறுகாய் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அரைக் கிலோ பூண்டு உரித்து அடுக்களையில் தயாராக இருக்கிறது. ஆனால் காலையில் நடந்த கூத்தில் அடுப்புப் பக்கமே போக முடியவில்லை. அதனால் தெருவில் நின்று பேசுகிறேன். நடுநடுவே ஹார்ன் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? ரோட்டில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது சுண்ணாம்பு இல்லை. இட்லி மாவு. என்னுடைய மாவு.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இருப்பது பெங்களூர் முருகேஷ்பாளையா, விண்ட் டனல் ரோட்டுக்கு உள்ளே ஒரு கிராஸ், அதாவது குறுக்குத் தெரு. வீட்டிலேயே மாவு அரைத்து, காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டியில் கடைகளுக்குப் போடுகிறேன். இன்றைக்கு 45 பாக்கெட். காலடியில் ஒரு கிரேட், பின்னால் ஒரு கிரேட். ராத்திரி பெய்த மழையில் பள்ளம் நிரம்பி, ரோட்டோடு ரோடாகச் சமமாகத் தெரிந்தது. தினமும் ஒதுங்கிப் போகிறவள்தான். இன்றைக்கு எதிரே ஒரு ஆட்டோ வந்தது, ஒதுங்க வழியில்லை. முன் சக்கரம் இறங்கியது தெரியும். அப்புறம் நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு. 13 பாக்கெட் வெடித்துவிட்டது. ஆட்டோக்காரர் இறங்கி ஓடிவந்து, "நிதானா அக்கா, நிதானா" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். தெரு நாய் ஒன்று வந்து மாவை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டது. இன்னும் புளிக்கவில்லை போலிருக்கிறது.

சிரிக்கிறேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் இந்த வீடியோவே இல்லை. 2013 முதல் 2017 வரை ஐந்து வருடத்தில் நாடு முழுக்க ரோட்டுப் பள்ளத்தால் நடந்த விபத்துகளில் செத்தவர்கள் 14,926 பேர். 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்த கணக்கு இது. எல்லையில் செத்தவர்களைவிட இது அதிகமாக இருக்குமே என்று நீதிபதிகளே கேட்டார்கள். அதில் எத்தனை பேர் என்னைப் போல "தினமும் போகிற ரோடுதானே" என்று போனவர்களோ.

கன்னடத்தில் பள்ளத்துக்கு என்ன பெயர் என்று தெரியுமா? குண்டி. ஆமாம், அதேதான். ஆம்பூரிலிருந்து வந்திருந்த என் சித்தி டிவி செய்தியில் "ரஸ்தே குண்டி, ரஸ்தே குண்டி" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, "ஏண்டி, இந்த ஊர்ல இதையெல்லாமா நியூஸ்ல சொல்லுவாங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு விழுந்து எழுந்த பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டு மொழிக்கும் பொருத்தம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்தப் பள்ளம் வெளியே தலைகாட்டிய நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஜூன் மாதம் முதல் மழைக்கு ஊத்தப்பம் அளவு இருந்தது. ஜூலையில் தாம்பாளம். ஆகஸ்டில் வந்து ஒட்டுப் போட்டார்கள், மூன்று வாரம் தாங்கியது. செப்டம்பரில் திரும்பவும் வாயைத் திறந்தது. இப்போது நவம்பர். என் முறத்தை உள்ளே வைத்தால் ஓரம் தட்டாமல் உட்காருகிறது. ஆழம் முக்கால் சாண். குச்சியை விட்டு அளந்தது என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001-இல் மைன்ஸை மூடியதும் எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். பள்ளம் என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. காலையில் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மாவைக் கழுவிவிட்டவர், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பள்ளத்தையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "அப்பா, எழுந்திரிங்க, வண்டி வருது" என்றேன். அவர் சொன்னார்: "மழைய திட்டாதம்மா. இது ஆள் போட்ட பள்ளம். மழை தொறந்து காட்டுச்சு, அவ்ளோதான்."

அவர் காட்டியதை உங்களுக்கும் காட்டுகிறேன். இங்கே நின்று அந்தக் கோடி வரை பாருங்கள். இது ஒரு பள்ளம். அடுத்து அந்தப் பச்சை கேட்டுக்கு முன்னால் ஒன்று. அப்புறம் இஸ்திரி வண்டி பக்கத்தில் ஒன்று, பால் பூத் வாசலில் ஒன்று. நான்கும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் இருக்கின்றன. ரோட்டின் இந்தப் பாதியில் மட்டும் பள்ளம், அந்தப் பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. மழை இரண்டு பக்கமும்தானே பெய்தது?

பிப்ரவரியில் இந்தக் கோட்டில்தான் தோண்டினார்கள், பைப் போட. யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பைப்பை இறக்கிவிட்டு, தோண்டிய மண்ணையே ஒரே மூச்சில் உள்ளே தள்ளி, மேலே ஜேசிபியின் வாளியால் நாலு தட்டு. மிச்ச மண் ஒரு மாதம் எங்கள் வாசலில்தான் கிடந்தது. அப்பா சொல்வது இதுதான்: ஒரு முழத்துக்கு மேல் தோண்டினால், அரைச் சாண் உயரத்துக்கு மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடிக்க வேண்டும். அப்புறம் அடுத்த அரைச் சாண். இப்படியே அடுக்கடுக்காக மேலே வர வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலே மட்டும்தான் இறுகும், உள்ளே பொலபொலவென்று கிடக்கும். மழைத் தண்ணீர் இறங்கியதும் அது உட்காரும். மேலே இருக்கிற தார் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் ஒரு சக்கரம் போதாதா? மைன்ஸில் தங்கம் எடுத்த இடத்தில் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கி முட்டுக் கொடுப்பார்களாம். "அங்க மேல் பாறை உக்காந்தா கீழ நாங்க இருந்தோம். இங்க யாரு இருக்கா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

சரி, ஆகஸ்டில் போட்ட ஒட்டு ஏன் நிற்கவில்லை? இதற்கு அப்பா வேண்டாம், நானே சொல்வேன். தோசைக்கல் காயாமல், ஈரத்தோடு, நேற்றைய பிசுக்கோடு இருந்தால் மாவு ஊற்றுவீர்களா? ஊற்றினால் ஓரம் ஒட்டாது, நடுவில் பிய்ந்து வரும். அதே கதைதான். ஒழுங்காக ஒட்டுப் போடுவது என்றால், பள்ளத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்ட வேண்டும், சுவர் மாதிரி நேராக. உள்ளே இருக்கிற தண்ணீர், புழுதி, உதிரிக் கல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அடியிலும் ஓரத்திலும் ஒட்டுத் தார் தெளிக்க வேண்டும். அப்புறம்தான் ஜல்லியும் தாரும் கலந்த கலவையைச் சூடாகப் போட்டு ரோலர் விடுவது. பிளாண்டில் கலக்கும்போது 150 டிகிரி வாக்கில் இருக்கும். ஆறுவதற்குள் அழுத்தினால்தான் பிடிக்கும். பெங்களூர் டிராஃபிக்கில் அந்த லாரி நம் தெருவுக்கு வந்து சேருவதற்குள் என்ன சூடு மிச்சம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இங்கே வந்தது ஒரு டெம்போ, மூன்று பேர். தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினார்கள். கலவையைக் கொட்டினார்கள். மண்வெட்டியின் முதுகால் தட்டினார்கள். டெம்போவையே ரிவர்ஸில் ஒரு தடவை ஏற்றி இறக்கினார்கள், அதுதான் ரோலர். ஏழு நிமிடம், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலில் ரப்பர் செருப்பு, கையில் உறை இல்லை, அவ்வளவு சூட்டில். அவர்களுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை பள்ளமோ.

ஒரு நிமிடம். தண்ணி லாரி வருகிறது, ஓரமாக நிற்கிறேன்.

பார்த்தீர்களா, எப்படிக் குலுங்கிப் போகிறது என்று? சின்ன டேங்கரே 6,000 லிட்டர். தண்ணீர் மட்டும் 6 டன், வண்டியின் எடை தனி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் சோதனைக்கென்றே ரோடு போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் எடை இரண்டு மடங்கு ஆனால், ரோட்டுக்கு வரும் சேதம் கிட்டத்தட்ட 16 மடங்கு என்று அதில் தெரிந்தது. என்னை மாதிரி ஸ்கூட்டிக்காரர்கள் ஆயிரம் பேர் போனாலும் ரோட்டுக்கு வலிக்காது. இது ஒன்று போதும். ஆனால் அதை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கோடையில் என் மாவுக்குத் தண்ணீரே இதிலிருந்துதான்.

இந்த ஊரில் ரோட்டைத் தோண்டுகிறவர் ஒருவர், மூடுகிறவர் ஒருவர், தார் போடுகிறவர் இன்னொருவர். தண்ணீர், சாக்கடை, கரண்ட், கேஸ், இன்டர்நெட் ஒயர் என்று வரிசையாக வருவார்கள். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பழைய ஒரே மாநகராட்சி போய், ஐந்து மாநகராட்சிகளும் அதற்கு மேலே ஜிபிஏ என்ற கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் வந்திருக்கின்றன. ஐவராவது கூடிப் பேசிக்கொண்டு தோண்டினால் சந்தோஷம்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. செயின்ட் மார்க்ஸ் ரோடு, ரெசிடென்சி ரோடு பக்கம் போனால் பாருங்கள். டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் போட்டவை. ஒயரும் பைப்பும் நடைபாதைக்கு அடியில் தனித்தனிக் குழாயில் போகின்றன, மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். ரோட்டைக் கீற வேண்டிய அவசியம் இல்லை. அங்கே மாவு கொண்டுபோனால் ஒரு பாக்கெட் அசையாது. ஆனால் அங்கே யார் என்னிடம் மாவு வாங்குகிறார்கள்?

புகார் கொடுக்கவில்லையா என்று கமென்டில் கேட்பீர்கள். மூன்று தடவை கொடுத்தேன். இரண்டாவது புகார் "முடிந்தது" என்று வந்தது, கூடவே ஒரு போட்டோ. அழகான ஒட்டு, பக்கத்தில் ஒரு தென்னை மரம். எங்கள் கிராஸில் தென்னை மரமே கிடையாது மக்களே. எந்த ஆபீஸ் என்று இங்கே சொல்லவில்லை. அங்கே போன் எடுக்கிற அம்மா நல்ல மாதிரி, பாவம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரோட்டைத் தரமாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கோ கான்ட்ராக்டருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஹெல்மெட் போடாவிட்டால் இங்கே 500 ரூபாய், அதைப் பிடிக்க சிக்னலுக்கு சிக்னல் கேமரா இருக்கிறது. இதைப் பிடிக்க ஒரு கேமராவையும் நான் பார்த்ததில்லை, என் கையில் இருப்பதைத் தவிர.

கேமரா என்றதும் ஞாபகம் வருகிறது. பாதல் நஞ்சுண்டசாமி என்று ஒரு ஓவியர் இருக்கிறார். 2015-இல் சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஒரு முதலை பொம்மையைப் படுக்க வைத்தார். 2019-இல் சந்திரயான்-2 நிலாவில் இறங்கப் போகிற நேரம் பார்த்து, ராத்திரியில் விண்வெளி வீரர் டிரஸ்ஸில் ஒருவர் நிலாவில் நடப்பது போல ஒரு வீடியோ. குழி குழியாக இருக்கிறதே, நிஜ நிலாவோ என்று பார்த்தால் பக்கத்தில் ஒரு ஆட்டோ போகும்! அது துங்காநகர் மெயின் ரோடு. வீடியோ ஊரெல்லாம் சுற்றியதும் அந்த ரோட்டைச் சரிசெய்தார்கள். நம் தெருவுக்குப் பின்னாலேயே விமான மாதிரிகளை விண்ட் டனலில், அதாவது காற்றுச் சுரங்கத்தில், வைத்துச் சோதிக்கிற இடம் இருக்கிறது. நானும் ஒரு பைலட் டிரஸ் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்தேன். மாவு பாக்கெட் 13 போன கணக்கில் இந்த வாரம் அதற்குக் காசில்லை.

அதனால் நாலாவது புகாரை அப்பா சொன்னபடி எழுதினேன். "பள்ளத்தை மூடுங்கள்" என்று எழுதவில்லை. மூடத்தான் தெரியுமே அவர்களுக்கு. பிப்ரவரியில் தோண்டிய இந்தக் கோட்டை முழுக்கப் பிரித்து, மண்ணை அடுக்கடுக்காக இடித்து, அப்புறம் தார் போடுங்கள் என்று எழுதி, நான்கு பள்ளமும் ஒரே கோட்டில் தெரிகிற மாதிரி மாடியிலிருந்து எடுத்த போட்டோவையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் மாடிக்குப் போய் ஒரு தடவை பாருங்கள். கோடு தெரிந்தால் எனக்கு அனுப்புங்கள்.

அப்பா, என்ன செய்றீங்க? கடப்பாரையெல்லாம் வேண்டாம்ப்பா. வேண்டாம்னு சொல்றேன்ல?

ஓரத்தைச் சதுரமாக வெட்டிக் காட்டுகிறாராம், அடுத்த தடவை வருகிறவர்களுக்கு அளவு தெரியட்டும் என்று. 71 வயது. மக்களே, நான் கேமராவை அணைத்துவிட்டுப் போய் அந்தக் கடப்பாரையை வாங்குகிறேன். பூண்டு நாளைக்கு.