அதீனாவின் திருவிழாவும் லண்டனுக்குப் போன கல்லும்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திவிட்டுத் தான் மட்டும் வாசலோரம் நிற்கும் நூலகர் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. பழைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ்காரர்களும் அப்படித்தான் தங்கள் ஊர் அம்மன் அதீனா தேவிக்குப் பானதீனையா விழா எடுத்தார்கள். வருடாவருடம் உண்டு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பிரமாதமாக. ஊர்வலம், போட்டி, பரிசு என்று மூன்றைப் பற்றியும் பேசப்போகிறேன்.

ஊர்வலம்தான் உயிர். பெண்கள் மாதக்கணக்கில் நெய்த ஆடையை, தேவர்களும் ராட்சதர்களும் மோதும் காட்சியோடு, அக்ரோபோலிஸ் குன்றுக்குக் கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்துவார்கள்.

அந்த ஊர்வலத்தில் ஒரு கொலையே நடந்திருக்கிறது, கேளுங்கள். கி.மு. 514. ஊரை ஆண்டவன் ஹிப்பியாஸ். அவன் தம்பி ஹிப்பார்கஸ், ஹர்மோடியஸ் என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டான், அவன் மசியவில்லை. உடனே அந்தப் பையனின் தங்கையை ஓர் ஊர்வலத்தில் கூடை சுமக்க வா என்று அழைத்து, வந்தபிறகு உனக்கு அந்தத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஊருக்கு முன்னால்! அண்ணன் விடுவானா? தோழன் அரிஸ்டோகைட்டனோடு சேர்ந்து, பானதீனையா அன்று கத்தியை ஒளித்துக்கொண்டு போனான். குறி ஹிப்பியாஸ்தான். ஆனால் கூட்டாளி ஒருவன் ஹிப்பியாஸோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்து, காட்டிக்கொடுத்துவிட்டான் என்று மிரண்டு, எதிரே கிடைத்த தம்பியைக் குத்தித் தீர்த்தார்கள். அப்புறம் அந்த இருவருக்கும் ஏதென்ஸ் சிலை வைத்துக் கொண்டாடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குன்றின் மேல் அதீனாவுக்குக் கட்டிய பார்த்தினான் கோயிலைச் சுற்றி சுமார் 160 மீட்டருக்கு ஓர் ஊர்வலத்தைக் கல்லில் செதுக்கினார்கள். இந்த விழா ஊர்வலம்தான் அது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 1801-லிருந்து பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் அதைப் பெயர்த்தார்கள். 1816-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவரிடம் விலைக்கு வாங்கியது. மிஞ்சியதில் பெரும்பகுதி இன்றைக்கும் லண்டனில்தான் இருக்கிறது. ஊரே கூடி இழுத்த தேரை ஒருவர் கழற்றிக்கொண்டு போகலாமா?

நம் தமிழ்நாட்டுப் பத்தூர் கோயில் நடராஜரும் திருட்டுப்போய் லண்டன் சேர்ந்தவர்தான். அங்கேயே வழக்காடி, 1991-ல் மீட்டுக்கொண்டு வந்தோம். வழக்கு என்று வந்தால் இது எங்கள் சாமி என்று காட்ட ஆதாரம் வேண்டும். அதனால்தான் மூச்சுக்கு மூச்சு கேட்கிறேன்: நம் ஊர்க் கோயில் உற்சவர்களை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, உயரம் அளந்து, நோட்டில் பதிந்து வையுங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், பூசாரி ஒருவர் தலையில் கட்டாதீர்கள். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் நூலகரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மா அவர்கள் நகராட்சியிலிருந்து ஓர் ஆளை அனுப்பினால் இன்னும் நல்லது.

பானதீனையா போட்டிகளில் ஜெயித்தவர்களுக்கு ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள், அதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.