காதால் காத்த கதைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய பியானோ. அதன் உள்ளே இருக்கும் தடித்த கம்பியின் மேல் ஒருவர் வீட்டுச் சாவியை வைத்து நீளவாக்கில் தேய்க்கிறார். கர்ரென்று ஒரு முனகல் எழுகிறது. அதை நாடாவில் பதிந்து, திருப்பி ஓடவிட்டு, எதிரொலி சேர்க்கிறார். பிபிசியின் ஒலிப் பட்டறையில் 1963-ல் பிரையன் ஹாட்ஜ்சன் செய்த வேலை இது. டாக்டர் ஹூ ரசிகர் யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். கண்ணைத் திறக்காமலே சொல்வார்: டார்டிஸ் வந்து இறங்குகிறது என்று.

தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச அழைத்தால் இவர் சத்தத்தைப் பற்றி ஆரம்பிக்கிறாரே என்று நினைக்க வேண்டாம். வானொலிக்காக வலிந்து செய்ததும் இல்லை. இந்தத் தொடரின் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாக ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தின் வேர் சத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடரைப் பார்த்திராதவர்களுக்கு நாலு வரி. டாக்டர் என்றே அழைக்கப்படும் ஒரு வேற்றுக்கிரகவாசி, வெளியே நீல நிறப் போலீஸ் பெட்டி போலவும் உள்ளே மாளிகை போலவும் இருக்கும் டார்டிஸ் என்ற வண்டியில் ஏறிக் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுகிறார். முதல் எபிசோட் 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் வந்தது. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். ஊரே அந்தச் செய்தியில் உறைந்து போயிருந்ததால் அடுத்த வாரம் அதே எபிசோடை இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நலம் குன்றியது. நடிகரை மாற்ற வேண்டும். அதற்குக் கதையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர் சாவதில்லை, உடம்பு மட்டும் மாறும். சட்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி. அந்த ஒரு தந்திரத்தால்தான் தொடர் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

இப்போது வாதத்துக்கு வருவோம்.

அன்றைக்கு ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பினால் அதோடு அது முடிந்தது. வீட்டில் பதிந்து வைக்க வீடியோ கிடையாது. மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. வீடியோ நாடாவோ விலை அதிகம். ஆகவே பிபிசி அந்த நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த 16 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரதிகளையும், விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும் தூக்கிப் போட்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் தொடங்கி 1978 வரை இது நடந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அலமாரியில் இடம் வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 எபிசோட்களில் 90-க்கும் மேற்பட்டவை இன்று படமாக இல்லை. ஹார்ட்னெல்லின் முகம் மாறும் அந்த எபிசோடே காணாமல் போன கணக்கில்தான் இருக்கிறது. முகம் மாறுகிற சில நொடிகள் மட்டும் தப்பின. 1973-ல் ப்ளூ பீட்டர் என்ற சிறுவர் நிகழ்ச்சியில் அதை எடுத்துக் காட்டியிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியின் நாடாவை யாரும் அழிக்கவில்லை.

ஆனால் ஒலி இருக்கிறது. காணாமல் போன அத்தனை எபிசோடுக்கும், ஒன்று விடாமல், ஒலி இருக்கிறது. பிபிசி வைத்திருந்ததல்ல. வீட்டில் இருந்த பிள்ளைகள் வைத்திருந்தது. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கை நிறுத்தி, வீட்டில் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லி, ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் பதிந்தார்கள். ஓர் இளைஞர் மைக்கையே நம்பவில்லை. பெட்டியின் பின்புறத்தைத் திறந்து நேராகவே ஒயரை இணைத்துப் பதிந்தார். மின்சாரம் பாய்கிற பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார், மகராசன். அவரது பதிவுதான் இன்று விற்பனையாகும் குறுந்தகடுகளில் தெளிவாகக் கேட்கிறது.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் ஜான் குரா என்ற புகைப்படக்காரர். ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையைப் படம் எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்பது அவர் தொழில். காணாமல் போன பல எபிசோட்கள் எப்படி இருந்தன என்று இன்று தெரிவது அந்தப் படங்களால். மற்றவர் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் தணிக்கை அதிகாரி. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அவர் வெட்டி எடுத்த துண்டுகள் அந்நாட்டு அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன. 1996-ல் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். கதை முழுவதும் போய்விட்டது, யாரும் பார்க்கக் கூடாது என்று வெட்டிய பகுதி மட்டும் மிஞ்சியது. தணிக்கைத் துறைக்கு நான் நன்றி சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இது.

அப்படியானால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருந்த ரசிகரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கதையை மறுபடி பார்க்க வழியில்லை. கையில் இருப்பது நினைவு, சில ஒலிநாடாக்கள், கதைகளை நாவலாக்கிய சின்னச் சின்னப் புத்தகங்கள். எது நல்ல கதை, எது மட்டமான கதை என்ற வாதம் எல்லாம் இவற்றை வைத்துத்தான் நடந்தது. சான்று கையில் இருந்தால் சண்டை அஞ்சு நிமிடத்தில் முடிந்துவிடும். இல்லாததால் தலைமுறை தாண்டி ஓடியது.

எண்பதுகளில் தொடரின் தயாரிப்பாளராக இருந்தவர் ஜான் நேதன்-டர்னர். பழைய கதைகள்தான் பொற்காலம், இப்போது வருவதெல்லாம் சக்கை என்று ரசிகர்கள் குறை சொன்னபோது, நினைவு ஏமாற்றும் என்று பதில் சொன்னார். ரசிகர்களுக்கு அவர் மேல் கோபமான கோபம். ஆனால் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு பிறகு வந்தது, அதுவும் இரண்டு முறை.

சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களின் கல்லறை பற்றிய கதை ஒன்று 1967-ல் வந்தது. நான்கு எபிசோட். பார்த்தவர்கள் எல்லாம் அதைப் போல ஒன்று வரவே வராது என்று சத்தியம் செய்தார்கள். பார்க்காதவர்களும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான்கு எபிசோடும் ஹாங்காங்கிலிருந்து முழுசாகக் கிடைத்தன. வீடியோவாக வந்ததும் வாங்கிப் போட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் சில இடங்களில் கம்பி தெரிகிறது, சில இடங்களில் பொம்மை பொம்மையாகவே தெரிகிறது. காதில் இருந்த கல்லறை கண்ணில் பட்டதைவிடப் பெரியது என்று பலர் ஒப்புக்கொண்டார்கள்.

தயாரிப்பாளர் ஜெயித்தார் என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். அதே சீசனில் இன்னொரு கதை: உலகத்தின் எதிரி. இரண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ரௌட்டன் இரட்டை வேடம் போட்டது; டாக்டரும் அவரே, உலகை ஆளத் துடிக்கும் சர்வாதிகாரி சாலமாண்டரும் அவரே. ஆறு எபிசோடில் மூன்றாவது மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் பெரும்பாலும் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு, சுமாரான கதை என்று ரசிகர் உலகமே ஒதுக்கி வைத்திருந்தது. 2013-ல் மற்ற ஐந்தும் நைஜீரியாவிலிருந்து கிடைத்தன. பார்த்தால் ஹெலிகாப்டர் பறக்கிறது, ஹோவர்கிராஃப்ட் ஓடுகிறது, நடிகர் இரண்டு வேடத்திலும் வெளுத்து வாங்குகிறார். ஒரே வாரத்தில் அந்தக் கதையின் மதிப்பு எங்கோ போய்விட்டது. ஆக நினைவு ஏமாற்றும், உண்மைதான். ஆனால் எந்தப் பக்கம் ஏமாற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு சோற்றுப் பதம் பார்க்கிற வேலை கதைகளுக்கு ஒத்துவராது போலும்.

இன்னொரு வகை வாதம் உண்டு. கதையின் சட்டதிட்டங்களைப் பற்றியது. டாக்டர் எத்தனை முறை உடல் மாறலாம்? 1976-ல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ஒரு கதையில், அந்தக் கதையின் வில்லனுக்கு ஒரு நெருக்கடி தேவைப்பட்டதற்காக, பன்னிரண்டு முறைதான் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்தக் கதை வெளியானபோது ரசிகர் சங்கத்தின் தலைவரே அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். டாக்டரின் சொந்தக் கிரகத்தின் மாயத்தையே கெடுத்துவிட்டார்கள் என்றார். வருடங்கள் போகப் போக அதே கதை தலைசிறந்த கதைகளின் வரிசையில் ஏறிவிட்டது, அந்த ஒரு வரி சட்டமாகிவிட்டது. ரசிகர்கள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். 2013 கிறிஸ்துமஸ் எபிசோடில் எண்ணிக்கை தீர்ந்தே போய்விட்டது. எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். அவரும் ரசிகராக வளர்ந்தவர். டாக்டருக்குப் புதிதாக ஒரு சுற்று ஆயுளைக் கதைக்குள்ளேயே வாங்கிக் கொடுத்தார். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒருவர் சும்மா எழுதிய வரிக்கு இன்னொருவர் வரி கட்டினார். ரசிகர்கள் எண்ணாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

யூனிட் என்ற ராணுவப் பிரிவு வரும் கதைகள் எந்த வருஷத்தில் நடக்கின்றன என்பது இதைவிடப் பழைய தகராறு. 1975-ல் வந்த கதையில் டாக்டரோடு பயணம் செய்யும் சாரா ஜேன், தான் 1980-லிருந்து வருவதாகச் சொல்கிறாள். 1983-ல் வந்த கதையில், அந்தப் பிரிவின் தலைவர் பிரிகேடியர் 1977-லேயே ஓய்வு பெற்றுப் பள்ளியில் வாத்தியாராக இருக்கிறார். இரண்டும் ஒட்டாது. ஒட்டவைக்க ரசிகர்கள் எழுதிய பக்கங்களைத் தராசில் வைத்தால் கை வலிக்கும். 2008-ல் டாக்டரே, நான் அங்கே வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுகிற மாதிரி ஒரு வசனம் வந்தது. தீர்ப்புச் சொல்லாமல் கண்ணடித்துவிட்டுப் போனார்கள். அதுதான் சரியான தீர்ப்பு என்பேன்.

1986-ல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிபிசியின் ஒரு பகல்நேர நிகழ்ச்சியில் ரசிகர் சங்கப் பிள்ளைகள் சிலர் கலந்துகொண்டார்கள். எதிரே அந்த சீசனை எழுதியவர்களில் ஒரு தம்பதி. பதினாறு வயசுப் பையன் ஒருவன், கடைசிக் கதையை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் என்று அவர்களிடமே அடித்துப் பேசினான். அவன் பெயர் கிறிஸ் சிப்னல். 2018-லிருந்து நான்கு ஆண்டுகள் இந்தத் தொடரை நடத்தியவர் அவரேதான். ஹார்ட்னெல்லுக்கு முன்பே டாக்டருக்கு எண்ணற்ற பிறவிகள் இருந்தன என்று 2020-ல் அவர் ஒரு கதை எழுதினார். உலகம் முழுவதும் ரசிகர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். பதினாறு வயசுப் பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். வேடிக்கை என்னவென்றால், அவர் அதைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. 1976-ல் வந்த வேறொரு கதையில் ஒரு திரையில் அடையாளம் தெரியாத எட்டு முகங்கள் வந்து போகும். தயாரிப்புக் குழுவினரே வேடம் போட்டு நின்ற முகங்கள் அவை. டாக்டரின் பழைய முகங்களா இல்லையா என்று ரசிகர்கள் நாற்பது வருஷம் அடித்துக்கொண்டார்கள். சிப்னல் அந்த முகங்களையும் தன் கதையில் ஓடவிட்டார். ஒரு ரசிகர், ரசிகர்களின் வழக்கு ஒன்றில் தானே நீதிபதியாக உட்கார்ந்துகொண்டார். அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1989-ல் தொடர் நின்றுபோனது. 1996-ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம், மற்றபடி 2005 மார்ச் வரை வெறுமை. அந்தக் காலத்தில் ரசிகர்கள் எங்கே போனார்கள்? மறுபடி சத்தத்துக்கே போனார்கள். எண்பதுகளில் கேசட்டில் சொந்தமாக ஒலி நாடகம் போட்டுத் திரிந்த ஒரு கூட்டம் இருந்தது. அதில் இருந்தவர் நிக்கோலஸ் பிரிக்ஸ். பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் 1999-ல் உரிமை வாங்கி, பழைய டாக்டர் நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்களை வெளியிடத் தொடங்கியபோது அவரும் அதில் இருந்தார். 2005-ல் தொடர் திரும்பியபோது, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளுக்குக் குரல் யார்? அதே பிரிக்ஸ். அந்த சீசனில் தனி டாலெக் ஒன்று சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும் கதை, ராபர்ட் ஷியர்மன் முன்பு எழுதிய ஒலி நாடகத்திலிருந்து முளைத்தது. படம் இல்லாத காலத்தில் காது பார்த்துக்கொண்ட வீட்டை, கண்ணிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் 2005 சீசனைச் சொல்வார்கள். நான் வேறு சொல்கிறேன். 1966 நவம்பரில் வந்த டாலெக்குகளின் வல்லமை என்ற கதை. ஆறு எபிசோடும் படமாக இல்லை. 2016-ல் ஒலிக்குப் பொருத்தமாக அனிமேஷன் செய்தார்கள், அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒலியைக் கேளுங்கள். ட்ரௌட்டன் முதன்முதலாக டாக்டராக வரும் கதை. இவர் அதே டாக்டரா, இல்லை யாரோ ஒருவனா என்று கூட வந்தவர்களுக்குள்ளேயே தகராறு. பாலி நம்புகிறாள். பென் நம்பவில்லை. பார்வையாளரில் பாதிப்பேர் அன்றைக்கு பென் பக்கம் இருந்திருப்பார்கள். ஒரு ஆய்வகம். அதற்குள் ஒரு டாலெக், நல்ல பிள்ளையாக, நான் உங்கள் சேவகன் என்று மனிதர்களிடம் சொல்லிக்கொண்டு நிற்கிறது. டாக்டர் உள்ளே நுழைகிறார். டாலெக்கின் கண் மெல்லத் திரும்பி அவர் மேல் நிற்கிறது.

அதற்கு மட்டும் சந்தேகமே இல்லை.