மலையில் பிறக்கும் தண்ணீருக்கு ஒரு சட்டம்

அவைத்தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசி முடித்துவிட்ட வழக்கறிஞர் அவர்களே, என்ன பேசப்போகிறோம் என்று தெரிந்தும் அழைப்பை மதித்து வந்திருக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலை உரிமையாளர் அண்ணன் அவர்களே (அதற்கே ஒரு கைதட்டல் கொடுக்கலாம்), கடைசி பஸ்ஸைத் தவறவிடக்கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்காட்டு நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் போர்த்திவிட்டீர்கள். மே மாதச் சேலத்தில் இது அன்பா தண்டனையா என்று தெரியவில்லை.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். இருக்கிற சட்டங்கள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்கவில்லை, 1997இல் நியூயார்க் நகரம் தன் குடிநீருக்காக மலை ஊர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் நமக்கு என்ன பாடம்.

“தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே” என்பாள் என் அம்மாயி. அவள் மகன், என் தாய்மாமா, தண்ணீரைப் பழித்துக்கொண்டே பஸ் ஏறிய கதையைச் சொல்கிறேன். திருமணிமுத்தாற்றங்கரையில் அவருக்கு ஒரு கிணறு. மேலே சாயப்பட்டறைகள். ஒரு கோடையில் கிணற்றுத் தண்ணீர் செந்நிறமாக ஊறியது. மாமா வீட்டில் தேடினார். கிடைத்தது ஒரு காலி நன்னாரி சர்பத் பாட்டில். அதில் நிரப்பி, துண்டால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு வந்தார். ஓர் அலுவலகத்தில், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், மேசைமேல் பாட்டிலை வைத்துவிட்டு மனு எழுதக் காகிதம் வாங்கப் போனார். திரும்பி வந்தால் எழுத்தர் இரண்டு டம்ளரில் ஊற்றி, எலுமிச்சம்பழம் வாங்கப் பையனை அனுப்பியிருக்கிறார்! “ஐயா, அது என் கிணறு” என்று மாமா அலறிய அலறலில் மாடியிலிருந்து அதிகாரியே இறங்கி வந்துவிட்டார்.

சிரித்துவிட்டீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அதிகாரி நல்லவர்தான். “நீங்கள் கொண்டுவந்தது செல்லாது, எங்கள் ஆள் வந்து எடுக்க வேண்டும்” என்றார். ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஆறு பிறக்கும் சேர்வராயன் மலையில் இரண்டு நல்ல மழை. ஆறு அலசிக்கொண்டு போனது, கிணறும் தெளிந்தது. வந்தவர் தெளிந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். சான்றிதழும் தெளிவாகவே வந்தது. மாமா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், பாட்டிலுக்குப் பக்கத்தில்.

அதிகாரி சட்டத்தை ஒட்டித்தான் சொன்னார். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆள் முறையாக அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிதான் நீதிமன்றத்தில் சாட்சி. 1988இல் ஒரு திருத்தம் வந்தது. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனே வழக்குத் தொடரலாம். 60 நாளில் இந்த ஆற்றில் எத்தனை நிறம் ஓடிவிடும்!

1955இல் வந்த மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் மரத்தைப் பார்க்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறையில், ஆலையின் குழாய் வாயைப் பார்க்கிறது. 2007இல் நம் சட்டமன்றம் இயற்றிய ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் எல்லையை அளக்கிறது, ஆக்கிரமிப்பை அகற்றுகிறது. மரம், குழாய், வரப்பு. மஞ்சவாடிப் பக்கம் புறப்பட்டு, சுகவனேசுவரர் கோயில் அருகே நகரத்தின் சாக்கடையைச் சுமந்து, உத்தமசோழபுரம் தாண்டி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாற்றருகே காவிரியில் விழும் திருமணிமுத்தாற்றுத் தண்ணீரை, தலை முதல் கால் வரை ஒரே உடம்பாக வைத்து நாடி பிடிக்க ஒரு சட்டம் இல்லை. தண்ணீர் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில், 17ஆவது இனமாக இருக்கிறது. ஆகவே மழை விழும் மலை முதல் ஆறு சேரும் இடம் வரை ஒரு வடிநிலமாகக் கொண்டு நம் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம். டெல்லியைக் கைகாட்ட வேண்டாம்.

சேகோ அண்ணன் கோபிக்கக்கூடாது. மரவள்ளி மாவு கரைந்த கழிவுநீர் விஷம்போல் தோன்றாது, பால்போல் இருக்கும். ஆனால் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். சுத்திகரித்து விடும் ஆலையும் சுத்திகரிக்காத ஆலையும் ஒரே ஆற்றில் ஒரே பெயரைத்தான் வாங்குகின்றன. மாதாமாதம் அளந்தால் நல்ல ஆலைக்குத்தானே லாபம்?

ஆகவே நான் கேட்பது, ஏழு வருடமாகக் கேட்பது, ஒரு பலகை. (தலைமையாசிரியர் புன்னகைக்கிறார், அவர் இதை எத்தனையோ முறை கேட்டவர்.) உத்தமசோழபுரம் பாலத்தருகே, பேருந்து நிறுத்தத்தில் தெரிகிற மாதிரி: இந்த மாதம் உப்பு இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு, மாதிரி எடுத்த தேதி இது. மழைக்கு மறுநாள் எடுத்தால் அதையும் எழுத வேண்டும். மலையடிவாரத்தில் ஒன்று, மூக்கனேரிக் கரையில் ஒன்று. மாதிரி எடுக்க ஆள் வருகிற நாளைச் சட்டம் குறிக்கட்டும்; அவர் வசதி குறிக்க வேண்டாம். தண்ணீரைப் பழிக்காதே என்றாள் அம்மாயி. அளக்காதே என்று சொல்லவில்லையே!

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். நியூயார்க் அடுத்த கூட்டத்துக்கு. மனுவுக்கான கையெழுத்து நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். போன கூட்டத்தில் கையெழுத்து நாற்பது சேர்ந்தது, பேனா இரண்டு போனது.