சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

1990-களில் கலிபோர்னியாவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் சட்டைப்பையில் ஒரு மரக்கட்டையோடு திரிந்தார். தான் செய்ய நினைத்த கையடக்கக் கணினியின் அளவுக்கே அறுத்த கட்டை. கூட்டத்துக்கு நேரம் ஒழியுமா என்று யாராவது கேட்டால், கட்டையை எடுத்து ஒரு குச்சியால் தட்டி, நாட்காட்டி பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

மென்பொருள் செய்கிற எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. பயன்படுத்துகிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்துத் தொடங்கு என்பார்கள் சிலர். இது மனிதமைய வடிவமைப்பு. இன்றைய ஆளைக் கேட்டால் இன்றைய குறையைத்தான் சொல்வார், நாளைய வாழ்க்கையைக் கற்பனை செய்து அதற்கொரு பொருளைச் செய்து காட்டு என்பார்கள் மற்றவர்கள். இது ஊக வடிவமைப்பு. லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் இதை வளர்த்த அந்தோணி டன், பியோனா ரேபி இருவரும் விற்பதற்காக எதையும் செய்யவில்லை. இப்படியொரு எதிர்காலம் நமக்கு வேண்டுமா என்று வாதிக்க வைப்பதே அவர்கள் நோக்கம். ஊகத்தை அப்படியே சரக்காக்கிக் கடையில் வைத்தால் கை சுடும். 1993-இல் வந்த ஆப்பிள் நியூட்டன் என்ற கையடக்கக் கணினி நம் கையெழுத்தைத் தானே படிக்கும் என்றார்கள். அது தப்புத்தப்பாகப் படித்து ஊர் சிரித்தது. 1998-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஹாக்கின்ஸ் மரக்கட்டையாகச் சுமந்து திரிந்த கையடக்கக் கணினி, பைலட் என்ற பெயரில் 1996-இல் வந்தது. அதில் எழுத, கருவிக்குப் புரிகிற கோட்டு வடிவத்தில் நாம்தான் எழுத்தைப் பழகவேண்டியிருந்தது. மனிதனுக்குத்தானே கருவி வளையவேண்டும் என்று மனிதமையக்காரர்கள் கோபிக்கலாம். மக்களோ பழகிக்கொண்டார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, நியூயார்க்கில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனை. பேசினால் தட்டச்சு செய்யும் பொறி இருந்தால் மக்கள் அதில் கடிதம் எழுதுவார்களா? அன்றைக்கு அப்படியொரு பொறியைச் செய்ய வழியில்லை. அங்கிருந்த ஆய்வாளர் ஜான் கூல்டும் கூட்டாளிகளும் செய்யவும் இல்லை. ஓர் அறையில் ஒருவர் பேசுவார். வேறோர் அறையில் தட்டச்சர் கேட்டு அடிப்பார். எழுத்து பேசுகிறவர் திரையில் வரும். பொறிக்கு 1000 சொல்தான் தெரியும் என்றால்? 5000 என்றால்? தெரியாத சொல் வந்தால் அந்த இடத்தில் வெறும் எக்ஸ் குறிகள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேச வைத்தார்கள், தொடர்ந்தும் பேச வைத்தார்கள். நிறுத்திப் பேசும் வகைகூடச் சில அமைப்புகளில் கையால் எழுதுவதற்குக் குறையாது என்று 1983-இல் வெளியிட்டார்கள். பொருள் முழுக்க ஊகம். அதில் திணறியவர்கள் மட்டும் நிஜ மனிதர்கள்.

ஆகவே எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: இந்த வேலையை இன்று யாராவது செய்கிறார்களா? செய்யவில்லை என்றால் கருத்துக் கேட்டுப் பயனில்லை, ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுங்கள். செய்கிறார்கள் என்றால் கற்பனையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வினாத்தாள் அனுப்பிவிட்டு அதற்குப் பயனர் ஆய்வு என்று பெயர் சூட்டாதீர்கள், அது எனக்குத் தீராத எரிச்சல்.

ஒரு கிடங்குக்கு மென்பொருள் எழுதினோம். கணக்கர் எல்லாம் சரி என்றுதான் சொன்னார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன்: லாரியிலிருந்து மூட்டை இறங்க இறங்க, அட்டைப்பெட்டி மூடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் திரை மொத்த எண்ணிக்கையை மட்டும்தான் கேட்டது. இறக்கும்போதே ஒவ்வொன்றாகக் கூட்ட ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தோம். பயன்படுத்துகிறார். அட்டையையும் வைத்திருக்கிறார். ஏன் சார் என்றேன். "கரண்ட் போனா?" என்றார்.

வணக்கம்.