ஒரே ஒரு எழுத்து! நேராக ஓடிவந்து சாகும் ஏலியன்கள் | ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரைன்ஸ்’ விமர்சனம்

[திரையில்: இருட்டான உலோகத் தாழ்வாரம். தூரத்தில் ஒரு ஏலியன் நேராக நம்மை நோக்கி ஓடிவருகிறது. சுடுகிறோம். செத்து விழுகிறது. பின்னாலேயே அடுத்தது.]

பார்த்தீர்களா? சினிமா வரலாற்றிலேயே பயங்கரமான ஜந்து என்று பெயர் வாங்கியது இது. படத்தில் கூரைக்கு மேலே ஊர்ந்து வரும், குழாய்களோடு குழாயாக ஒட்டிக்கொண்டு நிற்கும், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் கழுத்தில் மூச்சு விடும். இந்த கேமில் என்ன செய்கிறது? நேராக வந்து துப்பாக்கி முனையில் நெஞ்சைக் காட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பையன் கேட்டான்: “அண்ணா, இதுக்கு வேற வழியே தெரியாதா?”

தெரியாதுடா. நிஜமாகவே தெரியாது. அதற்கு ஒரு காரணம், கேமின் செட்டிங் ஃபைல் ஒன்றில் கூடுதலாக விழுந்த ஒரே ஒரு ஆங்கில எழுத்து. நாலரை வருடம் அது அங்கேயே கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை.

வணக்கம் மக்களே! கோத்தகிரியில் மத்தியானத்திலிருந்து மழை. கரண்ட் இதுவரை ரெண்டு தடவை கண்ணடித்துவிட்டது. அது முழுசாகப் போவதற்குள் முடித்துவிட வேண்டும், அதனால் சப்ஸ்கிரைப் பாட்டெல்லாம் இன்றைக்குப் பாடவில்லை. பட்டன் கீழேதான் இருக்கிறது, உங்களுக்கே தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்தது ‘ஏலியன்’. அதில் ஒரு விண்கப்பல், ஒரே ஒரு ஜந்து. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது ‘ஏலியன்ஸ்’. அதில் ராணுவ வீரர்கள், பெரிய துப்பாக்கிகள், கும்பல் கும்பலாக ஜந்துகள். இந்த இரண்டாவது படத்தின் தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்டு 2013 பிப்ரவரியில் வந்ததுதான் ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரைன்ஸ்’. வெளியிட்டது சேகா, உருவாக்கியது கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் பாதி வேலையை வேறு ஸ்டூடியோக்களிடம் கொடுத்தது. அந்தக் கதை தனி வீடியோ. இப்போது வேண்டாம்.

கதை என்ன என்றால், இரண்டாவது படத்தில் வீரர்கள் போன சுலாக்கோ விண்கப்பல் காணாமல் போக, அதைத் தேடி ஒரு மரைன் படை, அதாவது விண்வெளி ராணுவப் படை, போகிறது. நாம் அதில் கார்ப்போரல் வின்டர். கப்பலுக்குள் ஏலியன்கள், படங்களில் ஏலியனைக் கைப்பற்றத் துடிக்கும் அந்தப் பெரிய கம்பெனியின் கூலிப்படை, அப்புறம் கீழே கிரகத்தில் பழைய காலனி. படம் பார்த்தவர்கள் இங்கேயே நிமிர்ந்து உட்காருவார்கள். படத்தின் கடைசியில் அந்தக் காலனி வெடித்து ஆவியாகிப் போனது. கேமில் சுவர், கதவு, உடைந்த நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கிறது! மூன்றாவது படத்தில் செத்துப்போனதாகக் காட்டிய மரைன் வீரர் ஹிக்ஸும் இதில் உயிரோடு வருகிறார். குரல் கொடுத்தது அசல் நடிகர் மைக்கேல் பீன்தான். பாவம், அவர் என்ன செய்வார், எழுதிக்கொடுத்ததைப் பேசியிருக்கிறார்.

சரி, எழுத்துக்கு வருவோம். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தவர்களை இதற்கு மேல் காக்கவைப்பது பாவம்.

[திரையில்: ‘மை டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டர். அதற்குள் ‘மை கேம்ஸ்’. கேமின் பெயர். ‘கான்ஃபிக்’. ‘பெகன் இன்ஜின்’ என்ற ஐஎன்ஐ ஃபைல்.]

கேமை இன்ஸ்டால் செய்தால் நம் கம்ப்யூட்டரிலேயே இந்த ஃபைல் வந்து உட்கார்ந்துவிடும். பூட்டு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. நோட்பேடில் திறந்தால் திறக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான வரிகள், பார்த்தால் தூக்கம் வரும். இதில் ஒரு வரி மட்டும் ஏலியன்களின் தலையெழுத்து.

ஏலியன்களுக்குப் புத்தி கொடுக்க கேமில் ‘டெதர்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஏலியனையும் லெவலில் ஒரு பகுதியோடு பிணைத்துவிடுவது. பிணைத்த பிறகுதான் அதற்கு இடம் புரியும்: இந்த மூலையில் பதுங்கலாம், இந்தப் பக்கம் சுற்றிப்போனால் ஆளின் முதுகு கிடைக்கும் என்றெல்லாம். ஏலியனை டெதரோடு பிணை என்ற கட்டளையை வேறொரு பெயருக்குத் திருப்பிவிடுவது இந்த வரியின் வேலை. அந்தப் புதுப் பெயரில் ‘டெதர்’ என்று தட்டும்போது யாரோ நடுவில் ஒரு ‘ஏ’ எழுத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டார்கள். அப்படி ஒரு பெயரே கேமுக்குள் கிடையாது. கேமை ஓட்டும் மென்பொருளான இன்ஜின் தேடிப்பார்த்தது, கிடைக்கவில்லை, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. கேம் நிற்கவில்லை, திரையில் எச்சரிக்கையும் வரவில்லை. ஏலியன்கள் மட்டும் எந்த இடத்தோடும் பிணையாமல் அநாதைகளாகச் சுற்றின. அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதிரி எங்கே, ஓடு.

2017-ல் ‘மாட்’ செய்யும், அதாவது கேமின் ஃபைல்களைத் தானே மாற்றியமைக்கும், ரசிகர் ஒருவர் இதைக் கண்டுபிடித்து எழுதிவைத்தார். 2018-ல்தான் அது உலகம் முழுக்கச் செய்தியானது. சம்பளம் வாங்கியவர்கள் கண்ணில் படாதது, பொழுதுபோக்குக்காக ஃபைலை நோண்டிய ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது!

[திரையில்: கர்சர் அந்த எழுத்துக்கு அருகில் துடிக்கிறது. பேக்ஸ்பேஸ். சேவ்.]

அவ்வளவுதான். இப்போது அதே தாழ்வாரம், அதே இடம். பாருங்கள். முதல் ஏலியன் வருகிறது... நிற்கிறது. இடது பக்கக் கதவுக்குள் போய்விட்டது. எங்கே? பக்கத்தில் எது அசைந்தாலும் காட்டும் மோஷன் டிராக்கரை எடுக்கிறேன், அதை எடுத்தால் துப்பாக்கி இறங்கிவிடும், அது வேறு. பீப்... பீப்... பின்னாலா? ஐயோ!

சத்தியமாக இதற்கு நாற்காலியில் துள்ளினேன். மிக்ஸர் தட்டு கீழே போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ‘ஒரு எழுத்தால் நாசமான கேம்’ என்று இணையம் முழுக்கப் பேசுகிறார்கள். நானும் அதை வைத்துத்தான் உங்களைக் கிளிக் பண்ண வைத்தேன். ஆனால் எழுத்தைச் சரிசெய்துவிட்டு முழு கேமையும் விளையாடிப் பார்த்தால், அந்தக் கதை பாதிதான் உண்மை என்று புரிகிறது. திருத்திய பிறகு ஏலியன்கள் உருப்பட்டுவிட்டன. கேம் உருப்படவில்லை. கூட வரும் மரைன்கள் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூலிப்படையோடு சுடும் லெவல்கள் எந்த கேமிலிருந்தும் எடுத்து இதில் ஒட்டியிருக்கலாம். சாக்கடைக்குள் ஒரு லெவல் உண்டு: கையில் ஆயுதம் கிடையாது, கண் தெரியாத ஏலியன்கள், சத்தம் கேட்டால் வந்து வெடிக்கும். எழுதிப் பார்த்தால் அருமையான யோசனை. திரையில் அதுகள் தள்ளாடி நடக்கும் நடையைப் பார்த்தால் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வருகிறது.

வெளியீட்டுக்கு முன் காட்டிய டெமோவுக்கும் கைக்கு வந்த கேமுக்கும் இருந்த வித்தியாசம் இதைவிடப் பெரிய சண்டை. வெளிச்சம், நிழல், புகை எல்லாமே டெமோவில் வேறு தரம். பிரிட்டனில் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புவரை புகார் போய், ட்ரெய்லர்களில் ‘இது டெமோ காட்சி’ என்று குறிப்பு போட சேகா ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். அந்த வித்தியாசத்தை எந்த பேக்ஸ்பேஸும் சரிசெய்யாது.

சரி, ஏலியனுக்கு ஒழுங்காகப் புத்தி கொடுத்தால் எப்படி இருக்கும்? இதற்காகத்தான் நான் இந்த வீடியோவே போடுகிறேன், உண்மையைச் சொன்னால். அடுத்த வருடமே, 2014 அக்டோபரில், அதே சேகா இன்னொரு கேம் வெளியிட்டது: ‘ஏலியன்: ஐசொலேஷன்’. செய்தது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி. அதுவரை ‘டோட்டல் வார்’ என்று ஆயிரக்கணக்கான வீரர்களை மைதானத்தில் மோதவிட்ட ஆட்கள். அவர்கள் இதில் பெரும்பாலான நேரம் நம் மேல் ஏவிவிடுவது ஒரே ஒரு ஏலியனை. அதைக் கொல்லவே முடியாது. தீயைக் காட்டிக் கொஞ்ச நேரம் விரட்டலாம், அவ்வளவுதான்.

அந்த ஏலியனுக்குப் பின்னால் இரண்டு மூளை வேலை செய்கிறது. ஒன்று மேலே இருந்து பார்க்கும் ‘டைரக்டர்’. நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்போதும் தெரியும். ஆனால் ஏலியனிடம் இடத்தைச் சொல்லாது. ‘அந்தப் பக்கமாகப் போய்ப் பார்’ என்று மட்டும் தள்ளிவிடும். இரண்டாவது, ஏலியனின் சொந்த மூளை. அந்தப் பக்கம் வந்த பிறகு காது, கண் இரண்டையும் வைத்து அதுவே நம்மைத் தேட வேண்டும். அது ரொம்ப நேரம் நம் அருகிலேயே சுற்றி நம் உயிரை வாங்கிவிட்டால், டைரக்டரே அதைக் கொஞ்சம் தூரம் விலக்கிவிடும். நாம் மூச்சு விடுவதற்கு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். கரடியை நினைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கோயிலில் விளக்கு எண்ணெய் இருக்கிறது. காற்றில் வரும் வாசனை கரடியை ஊர்ப் பக்கம் இழுக்கிறது. எந்தக் கதவு, எந்த ஜன்னல் என்று வாசனை சொல்லாது. அதை அதுவே மோந்து, நகத்தால் கீறி, தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் நாதாங்கி வளைந்து கிடக்கும், கதவுப் பெயின்டில் நாலைந்து கோடு, எண்ணெய் பாட்டில் காலியாக உருண்டு கிடக்கும். ஒரு தடவை கிடைத்த கதவுக்கு அது மறுபடி வரும். ஐசொலேஷனிலும் இந்தக் கூத்து உண்டு. ஆட்டம் போகப் போக ஏலியனின் மூளையில் மூடிவைத்த கிளைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆள் உயர இரும்பு லாக்கருக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தால், லாக்கர்கள் அதற்குச் சுவாரசியமாகிவிடும்.

நம்ம பக்கம் ராத்திரி ஏழு மணிக்கு மேல் நாய் ஒரு மாதிரி குரைத்தால், வெளியே போயிருப்பவருக்கு வீட்டிலிருந்து போன் போகும்: “தம்பி, அங்கேயே இரு, வராதே.” இருட்டில் கரடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. நம் பக்கம்தான் இருக்கிறது என்று மட்டும் தெரியும். வயிற்றில் அப்போது ஒன்று புரளும் பாருங்கள், அதைக் கம்ப்யூட்டர் திரையில் கொண்டுவந்த ஒரே கேம் இதுதான் என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டுக்கு வரவும்.

(கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியில் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் கேட்பது மழை, எஃபெக்ட் இல்லை.)

இப்போது வாங்கலாமா வேண்டாமா. கலோனியல் மரைன்ஸை முழு விலை கொடுத்து வாங்காதீர்கள். சேலில் ஒரு பிரியாணி விலைக்குக் கீழே கிடைத்தால், ‘ஏலியன்ஸ்’ படத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஆளாக நீங்கள் இருந்தால், வாங்குங்கள். மரைன்களின் துப்பாக்கியான பல்ஸ் ரைஃபிளின் சத்தத்தை மட்டும் படத்தில் வருவதுபோல அச்சு அசலாகச் செய்திருக்கிறார்கள். கேமை மொத்தமாகச் சீரமைக்க ரசிகர்கள் செய்த ஓவர்ஹால் மாட் ஒன்றும் இருக்கிறது, அதையும் போட்டுக்கொள்ளுங்கள். திருத்தும் முன் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துவையுங்கள். என் மதிப்பெண் பத்துக்கு நாலு. எழுத்தைத் திருத்தினால் ஐந்து.

ஐசொலேஷனுக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண் குறைத்தது அதன் நீளத்துக்கு, இழுவை. நல்ல கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல்: 2021-ல் ஃபெரல் இன்டராக்டிவ் அதை மொபைலுக்கும் கொண்டுவந்துவிட்டது. ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டிலும் ஓடும். போனில் இடம் நிறைய வேண்டும். நம்ம மலையில் சிக்னல் வரும் லட்சணத்துக்கு, மேட்டுப்பாளையம் இறங்கும் அன்று டவுன்லோட் போட்டுக்கொள்வது உத்தமம்.

ஹெட்போன் மாட்டித்தான் விளையாட வேண்டும். வீட்டில் யாரும் பின்னாலிருந்து தோளைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி பதினொன்று சதவீதம் காட்டுகிறது. அடுத்த வாரம் ‘ரோபோகாப்’ கேம் பார்க்கலாமா, ‘டெர்மினேட்டர்’ பார்க்கலாமா? கமெண்டில் போடுங்கள், வரட்டுமா!